பூஜ்யத்திலிருந்து கிளம்பாத வண்டி

இடுப்பில் வேட்டி, தோளில் ஈரத்துண்டு, மணிக்கட்டில் மட்டும் கடிகாரம். சட்டை போடும் எண்ணமே இல்லாமல் கணக்கு வாத்தியார் மணி பார்த்தார். "ஒரு கிலோமீட்டருக்கு ரெண்டு நிமிஷம். ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். பன்னெண்டே நிமிஷம். எதுக்கு இப்படிப் பறக்குற?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற அவர் மனைவிக்கு, அந்த நர்ஸம்மாவுக்கு, பற்றிக்கொண்டு வந்தது.

தூரம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கு. தூரம் பூஜ்யமானால் நேரமும் பூஜ்யம். வாத்தியாருக்கு உலகமே இவ்வளவுதான். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'நேர்கோடு'. கூடத்தில் டியூஷனுக்காக மாட்டியிருக்கும் கரும்பலகையில் அந்தக் கோடு நிரந்தரக் குடித்தனக்காரர். கீழ்மூலையில், ஆதிப்புள்ளியில் புறப்பட்டு விறைப்பாக மேலேறும். அழித்தாலும் மறுநாள் முளைத்துவிடும்.

கணக்கில் குற்றமில்லை. வண்டி உருண்டுவிட்டால் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். உருள வேண்டுமே! சாவியைத் தேட வேண்டும். சாவி கிடைத்தால் மூக்குக்கண்ணாடி காணாமல் போயிருக்கும். கேஸை மூடினோமா என்று உள்ளே போவார். போனவர் சும்மா வருவாரா, நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பி, தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். இதெல்லாம் அவர் கணக்கில் நேரமே இல்லை, வண்டி நகரவில்லை அல்லவா! கல்யாணமான நாளிலிருந்து நர்ஸம்மா எந்தப் படத்தையும் ஆரம்பத்திலிருந்து பார்த்ததில்லை.

படம் கிடக்கட்டும். போன வருஷம் தலைமை நர்ஸ் தேர்வுக்கும் இவரேதான் கூட்டிப்போனார். போய்ச் சேர்வதற்குள் தேர்வறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். நர்ஸம்மாவிடம் ஊசி போடப் பழகிய பெண் இன்று நர்ஸம்மாவை அதிகாரம் செய்கிறாள். வண்டி ஓட்ட நர்ஸம்மாவுக்கும் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. "நீ ஓட்டினா வேகம் சீரா இருக்காது, கணக்கு கெட்டுடும்" என்று வாத்தியார் முன்சீட்டை விட்டுக்கொடுப்பதில்லை. பஸ்ஸில் போகிறேன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இன்று ஆஸ்பத்திரியில் மறுபடியும் அதே தேர்வு.

"ஏங்க, இன்னிக்கும் கதவைச் சாத்தினா அப்புறம் எனக்கு வயசு தாண்டிடும். கிளம்புங்க."

"அதான் பன்னெண்டு நிமிஷம்னு..."

"அது வண்டி நகர்ந்த பிறகு! எதிர்வீட்டுக்குப் போக உங்களுக்கு எவ்வளவு நேரமாகுது?"

வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர். "கால் மணி ஆகும்."

"எவ்வளவு தூரம்?"

"தூரமா? ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாத தூரத்துக்குக் கால் மணி நேரம்! அப்போ உங்க கோடு எங்கேர்ந்து கிளம்புது?"

வாத்தியார் கூடத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு லாட்டரி விழுந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது. "அடடே! பூஜ்யத்துலேர்ந்து கிளம்பலையே! அப்போ இது நேர்விகிதமே இல்ல!" பலகைக்கு ஓடினார். ஈரத்துண்டால் பழைய கோட்டைத் துடைத்தார். மேலே, கால் மணி உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து புதுக்கோடு இழுத்தார். "சாய்வு அதேதான், தொடக்கம்தான் மேல இருக்கு! இத்தனை வருஷமா எனக்குத் தெரியலையே! இரு, இன்னொரு புள்ளி வச்சுக் காட்டுறேன்."

பின்னாலேயே உள்ளே வந்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஹெல்மெட் இருந்ததால் வலிக்கவில்லை. இந்த மனுஷனுக்கு உண்மை புரிவதற்கும் நேரம்தான் செலவாகிறது! பலகைக்கடியில், டஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில், ஸ்கூட்டர் சாவி கிடந்தது. எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஸ்கூட்டர் உறுமும் சத்தம் கேட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே வாத்தியார் ஓடிவந்தார்.

"ஏறுறீங்களா, நான் போகட்டுமா?" நர்ஸம்மா முன்சீட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாத்தியார் கதவைப் பூட்டினார். பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டபடி பின்னால் ஏறிக்கொண்டார்.

தெருமுனை வந்ததும், வண்டி வழக்கமாக வீட்டுக்குத் திரும்பும் இடம் என்ற பழக்கதோஷத்தில் நர்ஸம்மாவின் கை பிரேக்கைப் பிடித்தது. பின்னாலிருந்து சாக்பீஸ் தூள் அப்பிய கை ஒன்று அவர் தோளைத் தாண்டி நீண்டு, நேரே முன்னால் காட்டியது.