துணிக்கொடியின் முடிச்சு

இன்றைக்கு ராஜபாளையம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பிள்ளை. காலேஜில் சேருமுன் ஒரு வருஷம் காட்டு முகாமில் தங்கி, விறகு வெட்ட, சோறாக்க, கயிறு கட்டப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறதாம்.

"விறகு வெட்டவா ஒரு வருசம்?"

"எங்க அம்மாவும் இதத்தான் கேக்காவ, ஆச்சி."

என் மகனும் தொண்ணூறுகளில் அப்படி ஒரு முகாமில் இருந்தவன்தான். போன பொங்கலுக்கு வந்தபோது மாடியில் துணிக்கொடி கட்டிக் கொடுத்தான். ஆடியில் இறந்துபோனான்.

வெள்ளையடிக்கணும், கொடியை அவிழ்த்துவிடுங்கள் என்று வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது என்று நானும் நாள் கடத்துகிறேன்.

அது எப்படிப்பட்ட முடிச்சு என்று பிள்ளையிடம் சொல்லி, தெரியுமா என்று கேட்டேன். உடனே துப்பட்டாவைச் சன்னல் கம்பியில் கட்டிக் காட்டியது.

"இதுதானா பாருங்க."

"அதேதான்த்தா."

"இந்த நுனிய இழுத்தாப் போதும், ஆச்சி." இழுத்தது. ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது.

"இத ஏன்த்தா எனக்குக் காட்டுன?"

"நீங்கதான கேட்டிய!"

நாளைக்கும் வீட்டுக்காரர் வருவார். அவரிடம் சொல்ல வேறு சாக்கு இருந்தால் யாராவது எழுதுங்கள்.