சொன்னது மனாப்பா, மிஸியா

தர்மிஸி என்று முழுப் பெயரைச் சொன்னால் எங்கள் படப்பிடிப்புகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அபாங் மிஸி, அதாவது மிஸி அண்ணன், என்றால் எல்லாருக்கும் தெரியும். மலாய்த் தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகியின் அப்பா, பள்ளிவாசல் இமாம், ஓய்வு பெற்ற போலீஸ்காரர், யார் தேவைப்பட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முகம் சாதாரண முகம். குரல்தான் அவர் சொத்து. காலையில் தாளைக் கையில் கொடுத்தால், விளக்குகளை நாங்கள் சரி செய்து முடிப்பதற்குள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார். ஒலிப்பதிவு என் வேலை. அவர் சட்டைக்குள் பல வருடம் மைக் மாட்டியிருக்கிறேன். என் காதுக்கு அவரைப் போல நிம்மதி கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

சொந்தமாகப் பேசத்தான் வராது. அவர் மனைவி காக் ஓடா, எங்களுக்கு ஓடா அக்கா, இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். "நேத்து பைப்பு ரிப்பேர் பண்ண வந்தவன், தண்ணி ஏன் ஒழுகுதுன்னு கேட்டான். இவரு இமாமா மாறி, பொறுமையோட பலனப் பத்திப் பேசி அனுப்பிட்டாரு. பைப்பு இன்னும் ஒழுகுது."

காக் ஓடாவும் நடிகைதான். சவுதா என்ற பெயர் சுருங்கி ஓடா ஆகியிருந்தது. அம்மா வேடம், அத்தை வேடம். இருவரும் பழகியதே ஒரு படப்பிடிப்பில்தான். கல்யாணத்துக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் அவர்களை ஜோடியாகவே போட்டார்கள்.

நிஜக் கணவன் மனைவி ஜோடியாக நடித்தால் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தலாக் வசனம் வந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல விடமாட்டோம். விளையாட்டாகச் சொன்னாலும் விழுந்துவிடும் என்று பயம். மனதில் எண்ணம் இருந்தால்தான் விழும், நடிப்பில் விழாது என்று சொல்லும் மார்க்கம் படித்த உஸ்தாதுகளும் இருக்கிறார்கள். எதற்கு வம்பு? கணவன் வாயைத் திறக்கும் இடத்தில் காட்சியை வெட்டி, இடிச் சத்தம் சேர்த்துவிடுவோம். நாடகங்களில் காக் ஓடாவை விவாகரத்து செய்ததெல்லாம் இடிதான். அபாங் மிஸி ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

ஆனால் வீட்டில் செய்தார்.

காக் ஓடாவுக்கு வசனம் மறக்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் ஒரே வரியில் மறுபடி மறுபடி தடுக்கினார். இயக்குநர் ஃபைருஸ் அவருக்கு மகன் வயதுப் பையன். எல்லாருக்கும் கேட்கும்படி, "வீட்ல இருக்க வேண்டிய வயசுல வந்து நம்ம உயிர எடுக்கறாங்க" என்றான். அபாங் மிஸி எழுந்து அவனிடம் போனார். தட்டிக் கேட்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் குனிந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் படித்துவிட்டு வருவாள் என்றார். காக் ஓடா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் காக் ஓடா கேட்டாராம், ஊரான் எழுதிக் கொடுத்தால்தான் உங்களுக்கு வாய் திறக்குமா என்று. அபாங் மிஸி வாயைத் திறந்தார். யாரும் எழுதிக் கொடுக்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தை தலாக். ஒரு தலாக். கோர்ட்டிலும் அதைப் பதிந்தாகிவிட்டது.

காக் ஓடா காஜாங்கில் தங்கை வீட்டுக்குப் போனார். இத்தா என்கிற காத்திருப்பு மூன்று மாதம். அதற்குள் கணவன் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும், மறு நிக்காஹ் வேண்டாம். அது கடந்துவிட்டால் இருவரும் அந்நியர்கள். அபாங் மிஸிக்கு அது தெரியாதா என்ன. தங்கை வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன்னால் ஃபைருஸிடம் குனிந்த அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டும். நாக்கு எழவில்லை.

இதற்கிடையே முன்பே ஒப்புக்கொண்ட நாடகம் தொடங்கியது. ஃபைருஸ்தான் இயக்கம். கதாநாயகியின் பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள், மனதில் ஆசை இருந்தும் வாய் திறக்காதவர்கள். அந்த வேடங்களுக்கு இவர்கள் இருவரும். விஷயம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் அப்படி மறைத்தார்கள். காலையில் அபாங் மிஸி தங்கை வீட்டுக்குக் காரோடு போவார். காக் ஓடா பின் இருக்கையில் ஏறுவார். படப்பிடிப்பு வீட்டுக்கு முந்தின திருப்பத்தில், டுரியான் கடை ஓரம் கார் நிற்கும். அவர் இறங்கி முன் இருக்கைக்கு மாறுவார். திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி பின்னால். இது தெரியாமல் நான் ஒரு நாள், "என்ன காக், இன்னும் தேனிலவு முடியலையா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றார்.

கடைசிப் பகுதியின் வசனம் வந்தது. அதில் மனாப், அதாவது அபாங் மிஸியின் பாத்திரம், மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறான். நாங்கள் காவல் காத்தது தலாக்கைத்தான். சேர்த்துக்கொள்கிற வசனத்தைக் கணவன் மனைவியிடம் சொன்னால் என்ன கெட்டுவிடும்? அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் விவரம் தெரியும்.

வரியைப் படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது என்று அபாங் மிஸி பிறகு என்னிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டாம். யாரோ எழுதியதைச் சொன்னால் காரியம் முடிந்தது. உடனே அந்த நிம்மதியை நினைத்துக் கூசியதாம். கூச்சம் வந்த பிறகும் நிம்மதி போகவில்லையாம்.

அந்தக் காட்சி எடுத்த அன்று, நாடகத்துக்கென்று கொடுத்த உடுப்பு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, காக் ஓடா சொந்தப் பச்சை பாஜு குரோங்கில் வந்தார். ஒத்திகையில் அபாங் மிஸி முணுமுணுத்தார். காமெரா ஓடியதும் நிமிர்ந்தார்.

"இன்னையில இருந்து ஒன்னத் திரும்ப என் பொண்டாட்டியா ஏத்துக்கறேன்."

எப்போதும் நடுங்காத இடத்தில் குரல் நடுங்கியது. காக் ஓடா அழுதுகொண்டே தலையாட்ட வேண்டும், அதுதான் தாளில் இருந்தது. அவர் அழவில்லை. அபாங் மிஸியையே பார்த்து, "இத யாரு சொல்றது?" என்று கேட்டார்.

ஃபைருஸ் யாரும் நிறுத்தாதீர்கள் என்று கையைத் தூக்கினான். என் ஹெட்போனில் அபாங் மிஸியின் மூச்சு நின்றது தெரிந்தது. மைக்கில் சட்டை உரசியது. 'நான்' என்று ஒரு சொல் போதும்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. வா, உள்ள போவோம்" என்றார். அது தாளில் இருந்த அடுத்த வரி.

மிச்சக் காட்சியைக் காக் ஓடா ஒரு சொல் மறக்காமல் நடித்து முடித்தார். அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும், இதுதான் நடிப்பு என்று ஃபைருஸ் துள்ளினான். காக் ஓடா வீட்டின் பின்பக்கம் போனார். அபாங் மிஸி பின்னாலேயே போனார். மைக்குகளைக் கழற்றி வாங்க நானும் கிளம்பினேன். ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது.

"சொன்னது மனாப்பா, நீங்களா?"

"நான்தான், ஓடா. மனசாரத்தான் சொன்னேன்."

"எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்பக் கேட்டேன். மழை வருதுன்னீங்க."

அபாங் மிஸி கால் மாற்றி நிற்பது கேட்டது.

"நீங்க அவன்கிட்ட குனிஞ்ச அன்னைக்கும் எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. நீங்கதான் சொன்னீங்கன்னா, காதால கேட்டவங்க ரெண்டு பேரச் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு நாளைக்கு மத இலாகா ஆபீசுக்கு வாங்க. இல்ல, வசனம்தான்னா, இத்தா வெள்ளிக்கிழமையோட முடியுது. நான் தங்கச்சி வீட்டுலயே இருந்துக்கறேன்."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

முன்பக்கம் எல்லாரும் கறிபாப் தின்றுகொண்டிருந்தார்கள். அபாங் மிஸி வந்ததும் கை தட்டினார்கள். மழை வசனத்துக்கு முன்னால் விட்ட இடைவெளி தங்கம் என்றான் ஃபைருஸ். இன்னொரு தடவை சொல்லிக் காட்டுங்கள் என்று யாரோ கேட்டார்கள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கையைச் சட்டைப் பையில் விட்டு எடுத்தார்.

"நானும் அவளும்... இல்ல... எங்களுக்கு தலாக் ஆயிருச்சு."

ஒருவன் சிரித்தான்.

"நாடகத்துல இல்ல. நெசமா. இப்பக் கேட்டீங்கல்ல, அது நான் சொன்னது. மனாப் இல்ல. அவ கேட்டப்போ நான்தான்... மழைன்னுட்டேன்." பிறகு ஃபைருஸ் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அவளப் பேசுனீங்க, தம்பி. அது தப்பு. நான் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அது அதவிடத் தப்பு."

குரல் உடைந்து, பாதி வார்த்தை கேட்கவே இல்லை. வேறு நாளாக இருந்தால் இன்னொரு டேக் கேட்டிருப்பேன். யாரும் மெல்லவில்லை. ஃபைருஸ் கையில் கடித்து வைத்திருந்த கறிபாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீசுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அபாங் மிஸி தரையைப் பார்த்துச் சொன்னார். கேட்பது என் வேலை, நான் கை தூக்கினேன். விளக்குக்காரரும் தூக்கினார்.

காக் ஓடா வீட்டைச் சுற்றி வந்தார். எங்கள் எல்லாருக்கும் நடுவே நடந்து போய், காரின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. அபாங் மிஸி யார் முகத்தையும் பார்க்காமல், சம்பளத்துக்கு வந்த டிரைவரைப் போலக் காரைக் கேட்டுக்கு வெளியே ஓட்டிப் போனார்.

மற்றதை மறுநாள் ஆபீசுக்குப் போகும் வழியில் அவரே சொன்னார். டுரியான் கடை வந்ததும், "நிறுத்துங்க" என்றாராம் காக் ஓடா. இறங்கி டாக்சி பிடிக்கப் போகிறார் என்று இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முன் கதவு திறந்தது. காக் ஓடா உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"நாளைக்கு ஆபீசுல எனக்குச் சம்மதமான்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்றார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாம ஓட்டுங்க. ஏதாவது வசனம் வந்துச்சு, இங்கயே இறங்கிருவேன்."

காஜாங் வரை அவர் வாயைத் திறக்கவில்லை.