அச்சாகாமல் நின்ற ஃபிளக்ஸ்

அடுத்த வாரம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஃபிளக்ஸ் அடிக்கச் சொல்ல இன்று காலை மன்னார்குடியில் வழக்கமான கடைக்குப் போனேன்.

எனக்குச் சளி, அதனால் மாஸ்க். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், "கொரோனாவே சாதா ஃப்ளூதாங்க. நூத்துக்கு எத்தனை பேர் செத்தாங்கன்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவில்லை. "நூத்துக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாதுங்க. வருஷா வருஷம் மழைக்காலக் காய்ச்சலுக்கு கண்ணீர் அஞ்சலி ஒண்ணோ ரெண்டோ அடிப்பேன். ரெண்டாவது அலையில கறுப்பு மை தீந்துபோய் தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பினேன்."



கடைக்காரர் அப்பாவின் பழைய போட்டோ இருக்கிறதா என்று தேடினார். திரையில் அப்பா வந்தார், தலைக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தோடு.

கடைக்காரர்தான் விவரம் சொன்னார். அந்த அலையில் அப்பா ஆக்ஸிஜனில் கிடந்தபோது, டாக்டர் கைவிரித்ததும் சித்தப்பா அவசரப்பட்டுச் சொல்லிவைத்த ஃபிளக்ஸ். எங்கள் யாருக்கும் தெரியாது.

"மறுநாளே உங்க சித்தப்பாவே போன் பண்ணி, அண்ணன் கண்ணு முழிச்சிட்டாரு, அடிச்சிடாதீங்கன்னாரு" என்றார் கடைக்காரர். "அந்த மாசம் நான் அடிக்காம விட்டது இது ஒண்ணுதாங்க. அழிக்க மனசு வரல."

செல்போனில் படம் எடுத்துவந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு. எழுத்த மட்டும் மாத்தச் சொல்லு."

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சித்தப்பா போனையே எடுக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?