படிப்பகமும் பிரியாணித் தேக்சாவும்

“இல்மைத் தேடிப் போறவனுக்கு மலக்குமாரு றெக்கைய விரிக்கிறாக...” என்று எங்கள் பள்ளிவாசலின் பழைய ஹஜ்ரத் தன் பிரசங்கத்தில், அதாவது பயானில், சொல்வார். இல்ம் என்றால் கல்வி, மலக்குமார் வானவர்கள். தேடாதவனுக்கு என்ன என்பதையும் சொன்னார். அந்தப் பாதி எனக்கு மறந்துவிட்டது. படிப்பகம் நடத்துவதென்பது, மறந்துபோன அந்தப் பாதியோடு காலம் தள்ளும் வேலை. ஊருக்கு நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், சவுதியில் பிழைத்தது போதுமென்று காரைக்குடி திரும்பியிருந்தேன். பள்ளிவாசல் மாடியில் கல்யாணப் பிரியாணி ஆக்கும் பெரிய அண்டாக்களான தேக்சாக்கள் கிடந்த அறையை, இளைஞர்களுக்குப் படிப்பகமாக்க ஜமாஅத்தில் கேட்டேன். கொடுத்தார்கள். தலைவர் ஒரு கெடுவும் வைத்தார்: “ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்போம். பயலுக வரலைன்னா தேக்சா மறுபடியும் மேல ஏறிரும், சொல்லிப்புட்டேன்.”

நார்சா கொடுத்தாச்சு

முதலில் பிடித்தது கமாலை. ப்ளஸ் டூ எழுதிவிட்டு, பாஸ்போர்ட் வரும் வரை பஸ் ஸ்டாண்டு பக்கம் கேரம் ஆடிக்கொண்டிருந்தவன். ஓதுவதன் பொருளையும் தெரிந்துகொள்ளட்டுமே என்று அவன் வீட்டுக்கே போய் அழைத்தேன். அவன் அம்மா முகம் சுருங்கியது. சின்ன வயதிலேயே குர்ஆனை ஓதி முடித்துவிட்டானாம். அதற்காகத் தெருவுக்கே நார்சா இனிப்பும் கொடுத்தாயிற்றாம்.

“உங்க வீட்டுக்கும் குடுத்துவிட்டோம், அண்ணே. நார்சா குடுத்தப்புறம் திரும்ப ஓதப் போனா, மொதல்ல ஓதுனது சரியில்லன்னுதானே சனம் பேசும்?”

அரபு வகுப்பு

வீடு வீடாக அழைத்தால் ஆகாதென்று, வாசலில் ‘அரபு மொழி வகுப்பு’ என்று பலகை வைத்தேன். அறை நிரம்பிவிட்டது. சிங்கம்புணரியிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். தலைவர் எட்டிப் பார்த்து, மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டுப் போனார். நபிக்கு முதன்முதலில் இறங்கிய சொல் ‘இக்ரஃ’, அதாவது ‘ஓதுவீராக’ என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் பேசினேன். பின்வரிசையில் ஒருவன் மிக மரியாதையாகக் கை தூக்கினான்.

“மாமு, ஓதுறதுக்கு அரபியில என்னன்னு பொறவு பாப்போம். ‘ஊருக்குப் போக லீவு குடு’ன்னு அரபி மொதலாளிகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு மொதல்ல சொல்லித் தாரீகளா?”

ஒரே வாசகன்

லீவு கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த வாரமே எனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். பிறகு ஓர் அதிசயம் நடந்தது. கமால் வந்தான். வாராவாரம் வந்தான். நபி வரலாறு, ஹதீஸ் விளக்கம், வானவியல் என்று மாற்றி மாற்றி எடுத்துப்போனான். உட்கார மட்டும் மாட்டான். தலைவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஒரு நாள் ஆசையாக, “ஜகாத்தைப் பத்தின அத்தியாயம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“மாமு, நான் தூக்கிட்டு வாரதோட சரி. படிக்கிறது தங்கச்சி பாத்திமா. பத்தாவதோட நிறுத்திப்புட்டாகல்ல. புத்தகம் மாத்தாமப் போனா சோறு வைக்க மாட்டேங்குறா.”

கெடு முடிந்தது

பெருநாளுக்கு முன்பு ஜமாஅத் கூடியது. ஒரு வாசகி இருக்கிறாள், அவளைப் போல இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ, வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கென்று மாடியைத் திறந்து வைப்போம் என்றேன். தலைவர் கெட்ட மனிதர் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

“நீங்க சொல்றது நாயந்தான். ஆனா பள்ளிவாசல் மாடியில பொம்பளப்புள்ளைக எப்படி ஏறும்? ஏறக்கூடிய பயலுக வரல. வரக்கூடிய புள்ளைக்கு ஏற வழியில்ல. தேக்சாவாச்சும் ஏறட்டும், அண்ணே.”

ஊரெல்லாம் நான் வாசகனைத் தேடி அலைந்தபோது, வாசகி அவனுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

தேக்சாக்கள் மேலே ஏறிய அன்றே புத்தகங்களை என் வீட்டு முன்னறைக்கு இறக்கினேன். அந்த முன்னறைச் சாவியைப் பாத்திமா கையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என் மனைவியை அனுப்பினேன்.