குண்டான சத்தம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. மாத்தளையில் தமிழனாகப் பிறந்து, கடைத்தெருவில் வளர்ந்து, சண்டை நடந்த அந்த வருடங்களில் பயப்படாமல் இருந்தவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலில் விழுகிறேன். பஸ்ஸில் யாராவது பையை மறந்து இறங்கினால் அடுத்த தரிப்பில் நானும் இறங்கிவிடுவேன். கடை வாசலில் ஜீப் வேகம் குறைத்தால் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குள் போய்விடுவேன். பயமில்லாமல் நான் செய்த ஒரே வேலை பாட்டு ஒலிப்பதிவுதான். எங்கள் இரும்புக் கடையின் மேல்மாடியில் ஓர் அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது. பயமும் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் வஹகோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். சிங்களக் கத்தோலிக்கர், இளமையில் ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். ஊர்க்கோயில் திருநாளுக்கு அந்தோனியார் மேல் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். வார்த்தையும் மெட்டும் புதிது. டிரம்ஸ் மட்டும் எழுபதுகளின் இசைத்தட்டில் கேட்டது போலவே இருக்க வேண்டும் என்றார். "இப்போதைய டிரம்ஸ் காதைக் குத்துகிறது மகனே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தன் நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக் காட்டினார். இங்கே கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

டிரம்ஸ் வாசிக்க என் நண்பனைக் கூப்பிட்டேன். அவன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். வாய்க்கால், மதகு பார்க்கிற அரசாங்க வேலையில் மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தான். வாரத்தில் பாதி நாள் வில்கமுவப் பக்கம் வயலும் வரப்புமாகத் திரிவான். மீதி நாள் என் அறையில் கிடப்பான். போனில் பேசினால் போனே தேவையில்லை, அப்படி ஒரு தொண்டை.

கம்ப்யூட்டரில் பிடித்த டிரம்ஸுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாம் சுத்தமாகக் கேட்கும். எவர்சில்வர் தட்டைச் சுண்டியது போல ஒவ்வொரு அடியும் பளிச்சென்று வந்து நிற்கும். பழைய தட்டில் அப்படி இருக்காது. அடி விழும், உடனே அமுங்கும், பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல இருக்கும். அதற்காகக் காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்குள் என் மனைவியின் பழைய கம்பளியைத் திணித்தோம். கையால் அடிக்கிறவற்றின் மேல் துவாயைப் போர்த்தினோம். கிட்டே வைத்த மைக்குகளைக் குறைத்து, தூரத்தில் தொங்கவிட்ட ஒரே மைக்கை நம்பினோம். பிறகு கம்ப்யூட்டரில் கீச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்டினேன். கம்ப்ரசர் போட்டு, துள்ளுகிற அடிகளை அமுக்கினேன். டேப்பில் பதிந்தது போலக் காட்டும் மென்பொருள் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் போதாமல், மொத்த டிரம்ஸையும் பழைய கேசட் டெக்கில் ஒருமுறை பதிந்து, திரும்பக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தேன். அப்போதுதான் கொஞ்சம் பழசு தட்டியது.

இருந்தும் அந்தக் கால் டிரம்மில் சதை இல்லை. "இன்னும் குண்டா வரணும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கள் பக்கத்தில் தடித்ததை, உருண்டதைக் குண்டு என்போம். என்னையே பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "எங்கட பக்கம் மொத்தம் எண்டுதான் சொல்றது மச்சான்" என்றான். ஆனால் ஒரே அறையில் கிடந்தால் பேச்சும் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் அவனுக்கும் அந்தச் சத்தம் குண்டாக வேண்டியிருந்தது. அப்புறம் அந்தக் கால் டிரம்முக்கே எங்களுக்குள் குண்டு என்று பெயர் நின்றுவிட்டது. குண்டைக் கூட்டு, குண்டைக் குறை, குண்டு இல்லாமல் ஒருதரம் போடு. முட்டை அட்டைக்குள் உட்கார்ந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லுக்கு வெளியே வேறு அர்த்தம் இருப்பது எங்கள் இருவருக்கும் மறந்தே போய்விட்டது.

பழைய ஸ்டீரியோ தட்டுகள் சிலவற்றில் டிரம்ஸ் முழுவதும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். நானும் அப்படிச் செய்து பார்க்கலாமா என்று யோசித்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. கால் டிரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுவிட்டு, மறுநாள் காலை வில்கமுவ பஸ் ஏறிப் போனான்.

அன்று சாயந்திரம் திரும்பி வருகிற பஸ்ஸிலிருந்து போன் எடுத்தான். பஸ் இரைச்சல், சிக்னலும் சரியில்லை. கத்தினான்.

"மச்சான், கேக்குதோ? குண்டு வைச்சிட்டியோ?"

"வச்சாச்சு. இடது பக்கம் வச்சுப் பாத்தேன், சரியா வரல" என்றேன்.

"நடுவில வை எண்டு சொன்னனான் எல்லே. நடுவில வைச்சால்தான் எல்லாருக்கும் கேக்கும்."

"சரி, மாத்தி வைக்கிறேன்."

"ஞாயிறுக்குள்ள முடிச்சுப்போடு. திருநாளுக்குச் சனம் நிறைய வரும்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் யாரோ சிங்களத்தில் அதட்டுவது கேட்டது. பஸ் பிரேக் போட்டது. "ஐயோ சேர், இல்லை சேர்" என்று அவன் குரல் வந்தது. போன் எதிலோ இடித்து, அப்படியே அணைந்துபோனது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நாங்கள் பேசியதை முதலிலிருந்து ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். குண்டு வைத்தாயா. இடது பக்கம் வைத்தேன். நடுவில் வை. ஞாயிறுக்குள். திருநாளுக்குச் சனம் வரும். 

அந்தப் பாதையில் பஸ்களில் அரசாங்கம் துப்பாக்கி கொடுத்த ஊர்க்காவலர்கள் ஏறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பாவம், அவர்களும் பயந்த சனம்தான். எந்த நேரம் எது வெடிக்கும் என்று தெரியாத இடத்தில் குடியிருப்பவர்கள். அதட்டிய அந்த மனிதருக்குத் தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரிந்திருக்கும். அந்த நாலைந்தில் குண்டு ஒன்று. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்கு மேல் அவரும் என்ன செய்வார்?

கீழே ஓடி மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பொலிசுக்குப் போய் விளக்கஞ் சொல்லப் போறேன்."

"எந்தப் பொலிசுக்கு? எங்க எறக்குனாங்கன்னே தெரியாது. நீங்களா போய் நின்னா, ரெண்டாவது ஆள் இவன்தான்னு ஒங்களையும் உள்ள வச்சிருவாங்க."

"அப்படின்னா அவன அப்படியே விட்டுர்றதா?"

"விடச் சொல்லல. அவரு போன்ல கடைசியா இருக்கிறது ஒங்க நம்பர்தான். அவங்களே வருவாங்க. அதுக்குள்ள வாயில சிங்களத்த ஒழுங்கா வரவச்சிக்கங்க."

அவள் சொன்னது சரி. சரி என்பதால்தான் பயம் இன்னும் கூடியது. அந்த நாட்களில் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் முழு வாக்கியத்தில் பேச மாட்டார்கள். "அந்த பேக்கரிக்காரர் மகன்..." என்று தொடங்கி, கையை விரித்து நிறுத்திவிடுவார்கள். என் நண்பனைப் பற்றியும் இனி அப்படித்தான் பேசுவார்களோ என்று நினைத்தபோது எனக்கு வாந்தி வந்தது. உண்மையாகவே வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போய், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அணைக்க மனம் வரவில்லை. ஒருவேளை அவனே கூப்பிட்டால்?

இருட்டுவதற்கு முன்பே ஜீப் வந்தது. ஓர் அதிகாரியும் ஒரு கான்ஸ்டபிளும் மேலே ஏறி வந்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முட்டை அட்டைச் சுவரைத் தடவிப் பார்த்தார். ஏன் இந்த அறைக்குள்ளிருந்து சத்தம் வெளியே போகக் கூடாது என்று கேட்டார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"குண்டு எங்கே?"

அந்தச் சொல்லை மட்டும் தமிழில் சொன்னார்.

எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். அன்றைக்கென்று பார்த்து ஒரு சொல்லும் வரவில்லை. மேளம் என்பதற்கும் தடிப்பு என்பதற்கும் சிங்களத்தில் என்ன என்று மறந்துபோனது. கடைசியில் என் தொந்தியைத் தட்டிக் காட்டி, "மாத்தயா, நான் குண்டு" என்றேன். பொலிஸ் அதிகாரியின் முன்னால் நின்று நானே குண்டு என்று சொன்ன மாத்தளைத் தமிழன் அநேகமாக நான் ஒருவன்தான். வாசலில் நின்ற என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

கான்ஸ்டபிளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. குண்டு என்றால் கொழுத்தவன் என்றும் ஓர் அர்த்தம் உண்டு சேர் என்று இழுத்தார். அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. "கொழுத்தவனை எதற்கு நடுவில் வைக்க வேண்டும்?" என்று கேட்டார். நான் ஸ்பீக்கரைக் காட்டினேன். சரி, போடு என்றார்.

அவசரத்தில் கால் டிரம்மை மட்டும் தனியாகத் திறந்து போட்டுவிட்டேன். பகல் முழுக்க அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். கம்பளி, கம்ப்ரசர், கேசட், எல்லாம் சேர்ந்து நான் தேடிய சதை அப்போதுதான் அதற்குப் பிடித்திருந்தது. கீச்சு இல்லாமல், தூரத்தில், தரைக்குள்ளிருந்து வருவது போல டும் என்று விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கான்ஸ்டபிள் சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டார், கை இடுப்புக்குப் போய்விட்டது. அவர் வடக்கில் போர்முனையில் இருந்துவிட்டு வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அந்த நொடியில் எனக்கும் காது திறந்தது. தூரத்தில் ஷெல் விழுந்தால் இப்படித்தான் கேட்கும். நாள்கணக்காகப் பாடுபட்டு அதைத்தான் செய்து வைத்திருந்தேன்.

உடனே மற்ற எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். கிட்டார் வந்தது, மற்ற டிரம்ஸ் வந்தது, கடைசியில் வஹகோட்டைக்காரரின் குரல் வந்தது. அந்தோனியாரே எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும் என்று பாடினார். சிங்களத்தில்.

அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது சிங்களப் பாட்டா?"

"ஆமாம் மாத்தயா."

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் அலுப்போடு, தாமதமாக வந்த பிள்ளையைக் கேட்பது போலத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டுக்காரரின் நம்பரைக் கேட்டு வாங்கி, என் முன்னாலேயே போன் எடுத்தார். பாட்டுக்காரர் என்ன சொன்னாரோ தெரியாது, நிறைய நேரம் சொன்னார். அதிகாரி "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுக்கொண்டார். போகும்போது, விசாரித்துவிட்டு அவனை விடுவார்கள் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் வந்தான். சட்டையில் பொத்தான்கள் இல்லை, செருப்பும் இல்லை. என் மனைவி சோறு போட்டாள். தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டான்.

"அடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"கேட்டாங்கள், சொன்னன்" என்றான். "விடு மச்சான்."

நான் விட்டேன். இன்று வரை அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பாட்டை ஞாயிறுக்குள் முடித்துக் கொடுத்தேன். வஹகோட்டைக்காரர் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வாசித்த காலத்தில் இப்படித்தான் இருந்தது என்றார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திருநாளில் பாட்டைப் போட்டார்களாம். கூட்டத்துக்குப் பயந்து நான் போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயந்திரம் போன் அடித்தது. அவன்தான். பின்னால் பஸ் இரைச்சல். அவன் கத்தவில்லை. அவனிடம் அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆபீஸில் கடிதம் எழுதும் அளவுக்குத்தான் அவனுக்குச் சிங்களம் வரும், பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து என்னிடம் கேட்டான்.

"லொகு பெரே ஹொந்தட்ட எஹுனத?"

பெரிய மேளம் நன்றாகக் கேட்டதா என்று அர்த்தம்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அந்தச் சுவர்களைத் தாண்டி ஒரு சத்தமும் வெளியே போகாது என்று வேறு யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"ஒவ், ஹொந்தட்ட எஹுனா" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.