நெருப்பருகே வராதவர்

எங்கள் கரிசல் ஊரில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: சாமி. திருச்செந்தூருக்குப் பச்சை வேட்டியோடு நடக்கிறவர் வீடு திரும்பும் வரை சாமி. கோயில் கொடையன்று அருள் வந்து ஆடுகிறவர் மறுநாள் டிராக்டரில் ஏறும் வரை சாமி. மடத்திலிருந்து காரில் வருகிற காவிக்காரரும் சாமி. தூக்குச்சட்டியோடு நடந்து வருகிற பரதேசியும் சாமி. மழையளவும் விதைப்பு நாளும் எழுதும் என் நோட்டில் இவர்களை நான் வகை பிரித்து வைத்திருக்கிறேன். யார், எந்த மாதம் வந்தார், எத்தனை நாள் தங்கினார் என்பதில் நோட்டு தவறியதில்லை. வகை பிரித்ததில் ஒருமுறை தவறியது.

ஓர் ஆடி மாதம் கண்மாய்க்கரை மண்டபத்தில் வந்து தங்கியவரைப் பரதேசி என்று எழுதினேன். அழுக்கு வேட்டி, காவி இல்லை, பேச்சும் இல்லை. எதிரே டீக்கடை நடத்தும் அம்மாள் அவருக்குத் தினமும் சோறு கொடுத்தார். மூன்று வருடம் கழிந்து ஒரு சித்திரைக் காலையில் அவர் மண்டபத்திலேயே இறந்து கிடந்தார். போலீசார் வந்து எழுத வேண்டியதை எழுதி, பிற்பகலில் உடலை ஊரிடமே விட்டார்கள்.

விறகு வண்டி கிளம்பும்போது டீக்கடை அம்மாள் குறுக்கே நின்றார்.

“அவியள எரிக்கக் கூடாது. உக்கார வச்சு மண்ணுல வைக்கணும்.”

துறவு பூண்டவரைத்தான் அப்படிக் குழியில் உட்கார்த்தி, உப்பும் திருநீறும் வில்வமும் இட்டு மூடுவார்கள். மற்றவரை எங்கள் ஊரில் எரிப்பதுதான் வழக்கம்.

எங்கள் சாமியாடி சிரித்தார். “மதினி, சித்திரைக் கரிசல்ல ஆறடி தோண்டுதது வெளையாட்டா? ஜேசிபியும் ஊர்ல இல்ல. ஒரு பீடி கூட குடிக்காத பரதேசி, அவருக்குப் போயி இம்புட்டு மரியாதயா?”

“அதத்தான் சொல்லுதேன். சூடா சோறு குடுத்தா ஆறுத வரைக்கும் தொட மாட்டாரு.”

“ஆறுன சோறு தின்னா துறவியா? அப்ப எங்க வீட்ல நாந்தான் பெரிய துறவி.”

கூட்டம் சிரித்தது. அம்மாள் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கீங்களே. பாத்துச் சொல்லுங்க.”

நோட்டை எடுத்து வந்து வாசித்தேன். முதல் வருடம் மார்கழி: கரையில் எல்லாரும் குளிர் காய்ந்தோம், கூப்பிட்டும் வரவில்லை, பிடிவாதக்காரர். இரண்டாம் வருடம் கார்த்திகைத் திருநாள்: மண்டபத்து விளக்கை ஏற்றச் சொன்னேன், கைகூப்பி விலகினார், சோம்பேறி. மூன்றாம் வருடம் ஐப்பசி அடைமழை: நனைந்த வேட்டியை அடுப்பருகே உலர்த்தச் சொன்னேன், தலையாட்டி மறுத்தார்; கிறுக்கு.

துறவு கொள்கிறவர் நெருப்பையும் அன்றே விட்டுவிடுவார், அதன் பிறகு சமைப்பதோ விளக்கேற்றுவதோ இல்லை என்று நான் பல புத்தகங்களில் படித்தவன். படித்தது ஓரிடத்திலும் எழுதியது ஓரிடத்திலும் கிடந்திருக்கிறது.

“நெருப்ப விட்டவர நெருப்புல வைக்கக் கூடாது. நான் எழுதுனதுதான் தப்பு, மதினி சொல்லுததுதான் சரி” என்றேன்.

சாமியாடி விறகு வண்டியைத் திருப்பி அனுப்பினார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். “ஏலே, கடப்பாரைய எடுங்கலே.”

மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் கடப்பாரையை விட்டு அவரே முதல் பாளத்தைப் பெயர்த்தார். குளத்தூர் உப்பளத்து உப்பு இரண்டு மூட்டை பைக்கில் வந்தது. பொழுது சாயுமுன் இறந்தவரை வடக்கு நோக்கி உட்கார்த்தி மூடினோம்.

நோட்டில் பரதேசியை அடித்துத் துறவி என்று எழுதினேன். அன்றைய நட்சத்திரம் உத்திரம். வருடந்தோறும் சித்திரை உத்திரத்தில்தான் குருபூசை வரும் என்று சொல்லி, டீக்கடைக் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்தேன்.

“அன்னைக்கு என்ன செய்யணும், அண்ணாச்சி?”

“ஊருக்குச் சோறு போடுவாங்க.”

“போட்டுருவோம். ஆனா அன்னைக்கு நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். மொத நா ஆக்குன பழயசோறுதான்.”

இந்தச் சித்திரையிலும் அப்படியே நடந்தது. சாமியாடி முதல் பந்தியில் உட்கார்ந்து பழையசோறு சாப்பிட்டார். நடுவில் ஒருவர் டீ கேட்டபோது, அவரை அதட்டி உட்கார வைத்ததும் சாமியாடிதான்.