முகம் விழாத படம்

வட பின்லாந்தில் போதகர் எல்யாஸ் பிரசங்கம் ஆரம்பித்தால், முடிவதற்குள் வெளியே நிற்கும் கலைமானுக்குக் கொம்பு ஒரு சாண் வளர்ந்துவிடும். அவனுடைய அக்கா ஔனே பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ஜெபத்தில் தான் நிஜமாகவே அடங்கி உட்காருகிறோமா என்று அவளுக்கு நெடுநாளாகச் சந்தேகம். காபி டப்பாவில் ஊசித்துளை போட்டு, உள்ளே படத்தாளை வைத்து, ஜெபவீட்டின் பக்கவாட்டு மாடத்திலிருந்து தன் பெஞ்சும் மேடையும் தெரியும்படி ஒட்டினாள். பிரசங்கம் முழுக்கத் துளை திறந்திருக்கும். அசையாதது மட்டுமே தாளில் தங்கும்.

வந்த படத்தை ‘ஜெபத்தில் நான்’ என்று ஊர் நூலகத்தில் மாட்டியதுதான் வினை. காதில் பொட்டுத் தோடு போட்டாலே புருவம் தூக்கும் சபை அது. அவளை நடுவில் உட்காரவைத்தார்கள். படம் பாவம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாளை முதல் பெற்ற தாய்கூட ‘தேவ சமாதானம்’ சொல்லிக் கை கொடுக்கமாட்டாள்.

புகார் கொடுத்தவர் கிழவர் நெஸ்தோரி. “உன் படத்தை நீயே மாட்டியாச்சு. அடுத்து அதுக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்துவியா, வாத்தியாரம்மா? அதுவும் போதகரை அழிச்சுட்டு.”

“நான் அழிக்கல பெரியப்பா. அவன் ஆடி ஆடிப் பேசினான். ஆடினது நிக்காது.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். எல்யாஸ் சிரிக்கவில்லை.

“அக்கா, பாவம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வீட்டுக்குப் போலாம்.”

“வெளிச்சம் விழுந்ததைப் பாவம்னு எப்படிடா சொல்வேன்?”

அம்மா கைப்பையின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சிக்கு வைத்திருந்த படத்தின் நகலை எல்யாஸ் முதன்முறையாகக் கையில் எடுத்தான். பிரசங்க மேடை வெறுமை. வேதத்தின்மேல் ஒரு கை மட்டும்.

“இது என் கையா?”

“அது மட்டும் அசையல.”

அவன் பெஞ்சைத் தேடினான். ஔனேயின் கோத்த விரல்கள் தெளிவாக இருந்தன. கழுத்துக்கு மேலே புகை.

“உன் முகம் எங்கக்கா?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள்.

“டப்பா விழுந்துடுமோன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீ சொன்னதுல ஒரு வரி காதுல ஏறல. அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன், படத்துக்கு இல்ல. நான் நம்பலாமா?”

அந்தச் சபையில் ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டால், மன்னிப்பு உண்டு என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

“அது போதாது,” என்றார் நெஸ்தோரி. “படம் இறங்கணும்.”

எல்யாஸ் படத்தை அவர் பக்கம் திருப்பினான். “உங்க முகம்தான் எல்லாத்தையும்விட நல்லா விழுந்திருக்கு, பெரியப்பா. இமைகூட ஆடல. கண் மூடியே இருக்கு, வாய் திறந்து கிடக்கு.”

கிழவர் வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்தது. எழுந்து, ஔனே முன்னால் வந்து நின்றார்.

“நானும் நம்பலாமா?”

தனக்கே இன்னும் பதில் வராதவள், அவர் தோளில் கை வைத்தாள். “மன்னிச்சாச்சுன்னு நம்புங்க, பெரியப்பா.”

“நீயும் நம்பு,” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதை இறக்கிடும்மா. பொணம் மாதிரி கிடக்கேன்.”

“மாட்டேன்,” என்றாள் ஔனே. ‘தேவ சமாதானம்’ என்று எதிரே அம்மாவின் கை நீண்டது.